பசுமைக் கடன்: மூன்று வருடத் தவணை கட்டிய பிறகு

பசுமைக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று போன மாதத்தில் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் வாங்கியது சிறு தொழில்களுக்கான பசுமைக் கடன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த வகைக் கடனின் அமைப்பிலேயே இருப்பவை, வங்கியை மாற்றினாலும் கூடவே வரும். மதிப்பெண் கேட்டால், என் பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை. விளம்பரத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது: 'உங்கள் வட்டாரப் பொருளாதாரத்தையும் வளர்க்கிறோம்'. அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எனக்குள்ளேயே தகராறு, இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தத் தகராறுதான்.

முதலில் ஒன்று. பசுமைக் கடன் என்றால் ஏதோ புதுவகைப் பணம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. அதே பிணை, அதே ஜாமீன், அதே தவணை, அதே பத்து இடத்தில் கையெழுத்து. பணம் எதற்குச் செலவாகிறது என்பதை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 2018-ல் கடன் சந்தைச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட பசுமைக் கடன் கோட்பாடுகள் நான்கு விஷயங்களைக் கேட்கின்றன: பணம் எந்த வேலைக்கு, அந்த வேலையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், பணத்துக்குத் தனியாகக் கணக்கு இருக்கிறதா, பலனை அறிக்கையாகக் கொடுப்பீர்களா. பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய இந்த நான்கு கேள்வியும் சின்னப் பட்டறைக்கு வந்து சேரும்போது ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது: பில் எங்கே?

இன்னொரு வகையும் உண்டு. 2017-ல் பிலிப்ஸ் நிறுவனம் ஐ.என்.ஜி. உள்ளிட்ட வங்கிகளிடம் வாங்கிய நூறு கோடி யூரோ கடனில், நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மதிப்பெண் ஏறினால் வட்டி குறையும், இறங்கினால் கூடும். எதை வாங்கினாய் என்று கேட்பதில்லை, எவ்வளவு மாறினாய் என்று கேட்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கும். என் அளவுக்கு இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டபோது கடன் அதிகாரி சிரித்துவிட்டார், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, அவ்வளவு நல்ல மனிதர்.

சரி, என் கதை. பட்டறையில் ஒரு பழைய கம்ப்ரஸர், ஆறேழு மோட்டார், மேலே தகரக் கூரை. கூரையில் சோலார் பேனல், கீழே புதிய மோட்டார்கள், ஒரு புது கம்ப்ரஸர், இதற்குத்தான் கடன். வட்டியில் கால் சதவீதம் சலுகை. ஆனால் 'இது பசுமைதான்' என்று சான்றளிக்க வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வர வேண்டும், அவருக்கான கட்டணமும் போக்குவரத்தும் என் கணக்கில். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதல் வருடச் சலுகை முழுக்க அவருக்கே போய்விட்டது. வந்தவர் நாற்பது நிமிடம் இருந்தார், பெயர்ப் பலகையோடு சேர்த்து மோட்டார்களைப் படம் எடுத்தார், தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். ஒரு வருடம் கழித்து மின்சாரம் எவ்வளவு மிச்சமானது என்று கேட்க யாராவது வருவார்கள் என்று மீட்டர் அளவுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மிச்சம் ஆனதா என்றால், ஆனது. ஆனால் அதில் பெரிய பங்கு கடனில் வாங்காத ஒரு விஷயத்தால். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அழுத்தக் காற்றில் வேலை நடக்கும் பட்டறைகளில், கம்ப்ரஸர் கொடுக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போவது சர்வசாதாரணம். குழாய் இணைப்பு, பழைய ஹோஸ், தேய்ந்த வால்வு என்று எங்கெங்கோ புஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கும், சத்தத்தில் காதுக்கே எட்டாது. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பிதான் ஒரு நாள் இரவு எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, "யாருமே காத்து எடுக்கல, இது எதுக்குண்ணா லோடு எடுக்குது?" என்று கேட்டான். அப்புறம் எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு என்று, சோப்புத் தண்ணீரும் துணியுமாக இரண்டு நாள். குழாயை மாற்றினோம், வளைவுகளைக் குறைத்தோம், அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினோம். புது கம்ப்ரஸரையே இன்னும் சின்னதாக வாங்கியிருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தச் செலவைக் கடனில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். தகுதிப் பட்டியலில் இல்லை, இது 'பராமரிப்பு' என்றார்கள். அதாவது பெட்டியில் வரும் பொருள் பசுமை, சோப்புத் தண்ணீர் பசுமை இல்லை.

இங்கேதான் வட்டாரப் பொருளாதாரம் என்ற பேச்சு வருகிறது. பேனலுக்கான பணம் என் கைக்கே வரவில்லை, வங்கியிலிருந்து நேராக விற்பனையாளர் கணக்குக்குப் போனது, அங்கிருந்து இன்னும் தூரம். உலகத்தில் சோலார் பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் நடக்கிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. ஆக, கடன் வாங்கியது நான், வட்டி கட்டுவது நான், பணம் எங்கள் பகுதியில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. பொருத்த வந்தவர்களும் இரண்டு நாளில் வேலையை முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள். பேனலைக் குறை சொல்லவில்லை, அது வேலை செய்கிறது, மின்கட்டணம் குறைந்த அளவு பணம் இனி வருடா வருடம் என்னிடம் மிஞ்சும், அதை நான் இங்கேதான் செலவழிப்பேன், அந்த வகையில் வட்டாரத்துக்கு லாபம் உண்டு. ஆனால் அது சொட்டுச் சொட்டாக, அதுவும் தவணை முடிந்த பிறகுதான் சரியாக வரும். கசிவு வேலைக்குக் கொடுத்த பணமோ அன்றைக்கே ஃபிட்டர், வெல்டர், குழாய்க் கடை என்று நான்கு கை மாறியது. பசுமைக் கடனால் ஒரு பகுதி வளருமா என்று என்னைக் கேட்டால், கடன் தொகை எவ்வளவு என்று பார்க்க மாட்டேன், அதில் எவ்வளவு உள்ளூர் வேலையாக மாறுகிறது, அந்த வேலை தெரிந்தவர்கள் உள்ளூரில் உருவாகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

இது என் பட்டறை ஜன்னலிலிருந்து மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. ஜெர்மனியில் கே.எஃப்.டபிள்யூ. என்ற அரசு வங்கி இருக்கிறது, 1948-ல் போருக்குப் பிந்தைய மறுகட்டுமானத்துக்காகத் தொடங்கியது. வீடுகளுக்கு வெப்பக்காப்பு (உள்ளே இருக்கும் சூடு சுவர், கூரை வழியாக வெளியே போகாமல் தடுக்கும் அடுக்கு) போடவும் ஜன்னல் மாற்றவும் குறைந்த வட்டியில் கடன் தருகிறது, ஆனால் நேரடியாக இல்லை, வாடிக்கையாளரின் வழக்கமான வங்கி மூலமாக. அதைவிட முக்கியம், வேலை முடிந்து வீடு குறிப்பிட்ட திறன் அளவை எட்டியது என்று உறுதியானால் அசலில் ஒரு பகுதியையே தள்ளுபடி செய்யும் முறை. இன்னும் நன்றாகச் செய்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. பாருங்கள், இங்கே பொருளுக்குச் சலுகை இல்லை, முடிவுக்குச் சலுகை. சுவருக்குக் காப்பு போடுவதை வெளிநாட்டில் செய்து கப்பலில் அனுப்ப முடியாது, அந்தப் பகுதி மேஸ்திரியும் தச்சரும்தான் செய்ய வேண்டும். அதனால் கடன் பணம் தானாகவே அக்கம்பக்கத்தில் இறங்குகிறது.

அதே ஜெர்மனியில் 2022 ஜனவரியில், விண்ணப்பங்கள் குவிந்து பட்ஜெட் தாங்காமல், கட்டட உதவித் திட்டத்தை அரசு திடீரென்று நிறுத்தியது. வரைபடம் போட்டு, வேலைக்கு ஆள் பேசி, முன்பணம் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வரிசையில் இருந்த விண்ணப்பங்களைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் அந்த அதிர்ச்சி போகாது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் புதிதாக இரண்டு பேரை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றால் அடுத்த ஐந்து வருடத்துக்கு வேலை வரும் என்ற நம்பிக்கை வேண்டும். குழாயைத் திறந்து திறந்து மூடினால் யாரும் ஆள் சேர்க்க மாட்டார்கள், வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

பிரிட்டனில் நடந்தது வேறு வகைத் தோல்வி. 2013 ஜனவரியில் 'கிரீன் டீல்' என்று ஆரம்பித்தார்கள். யோசனை அழகானது: வீட்டுக்குக் காப்பு போடக் கடன், அது ஆளின் பெயரில் இருக்காது, மின்கட்டணத்தோடு ஒட்டிக்கொள்ளும், வீட்டை விற்றால் அடுத்து வருபவர் கட்டுவார். தவணை, எதிர்பார்க்கும் மிச்சத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு பொன் விதியும் வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல ஆளே இருக்கக் கூடாது. ஆனால் வட்டி 7 சதவீதத்துக்கு மேல், சாதாரண வீட்டுக் கடனே அதைவிடச் சல்லிசு. ஏறக்குறைய 14,000 வீடுகள்தான் கடன் வாங்கின, 2015 ஜூலையில் அரசு பணத்தை நிறுத்திவிட்டது. காப்பு போடும் சின்ன நிறுவனங்கள் இதை நம்பிச் சான்றிதழ், பயிற்சி என்று செலவு செய்தவை. பசுமை என்ற பெயர் ஒட்டினால் வட்டி கூட இருந்தாலும் வாங்குவார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். என் கால் சதவீதச் சலுகையும் சான்றிதழ்ச் செலவும் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பங்களாதேஷ். மின்கம்பி போகாத கிராமங்களில் வீட்டுக்கு ஒரு சின்ன சோலார் பேனல், பேட்டரி, இரண்டு மூன்று விளக்கு. இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம், உலக வங்கி போன்றவர்கள் கொடுத்த பணத்தை, 1996-ல் தொடங்கிய கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள் வழியாகத் தவணைக் கடனாகக் கொண்டுபோனது. 2003-ல் ஆரம்பித்த இந்தத் திட்டத்தில் 40 லட்சத்துக்கு மேல் வீடுகளில் பொருத்தினார்கள். தவணை வாங்க வருபவரே பழுதும் பார்ப்பார் என்பதுதான் இதில் சூட்சுமம். விளக்கு எரியவில்லை என்றால் தவணை வராது, அதனால் கடன் கொடுத்தவருக்கே ரிப்பேர் ஆள் வேண்டும். கிராமங்களிலேயே, பெண்கள் உட்பட, நிறையப் பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விளக்கு வந்ததும் கடைகள் இருட்டிய பிறகும் திறந்திருந்தன. பேனல் வெளியிலிருந்து வந்தாலும் தொழில் தெரிந்த கை உள்ளூரில் தங்கியது.

இதற்கும் ஒரு வில்லங்கம் வந்தது. பக்கத்துக் கிராமத்துக்கு மின்கம்பி வந்தது, இன்னொரு பக்கம் அரசே வேறு நலத் திட்டத்தில் இலவசமாகப் பேனல் கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் சும்மா கிடைக்கும்போது நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள், நியாயம்தானே. வசூல் நின்றது, அமைப்புகள் தள்ளாடின. ஒரு கை கடனாகக் கொடுப்பதை இன்னொரு கை இலவசமாகக் கொடுத்தால் எந்தக் கடன் திட்டமும் நிற்காது.

இனி இந்தக் கடனின் இன்னொரு முகம், விளம்பரத்தில் வராதது. பசுமைக்குக் கொடுப்பது என்றால் பசுமை இல்லாததற்குக் கொடுக்காமல் இருப்பதும்தான். எனக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு வார்ப்படப் பட்டறை, பழைய உலை, புகை அதிகம். அந்த முதலாளி அண்ணன் உலையை மாற்றத்தான் கடன் கேட்டார். அவர் தொழிலே 'சிவப்புப் பட்டியல்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுக்காக இருப்பவனுக்குச் சோப்பு கொடுக்க மாட்டோம் என்பது மாதிரி. அவர் வெளியில் கந்து வட்டிக்கு வாங்கினார், உலைக்கு அல்ல, சம்பளம் போட. உலை அப்படியே புகைகிறது.

சீனா 2012-ல் பசுமைக் கடன் வழிகாட்டுதல் போட்டு, மாசு அதிகமுள்ள தொழில்களுக்கு வங்கிகள் கடனை இறுக்கச் செய்தது. அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு நீண்ட காலக் கடன் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு பகுதி இப்படி இறுக்கி, பக்கத்துப் பகுதி இறுக்காவிட்டால், ஆலை மூட்டை முடிச்சோடு அங்கே போகும், புகை வரைபடத்தில் இடம் மாறும், அவ்வளவுதான். 2017-ல் சீனாவே ஜெஜியாங், ஜியாங்சி, குவாங்டாங், குய்சோ, சின்ஜியாங் என்று ஐந்து இடங்களில் சில பகுதிகளைப் பசுமை நிதிக்கான சோதனை மண்டலங்களாக எடுத்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளாதாரம். தொழில் வளர்ந்த கடலோரத்துக்கும் மேற்கின் வறண்ட பகுதிக்கும் ஒரே அச்சு பொருந்தாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எது பசுமை என்ற பட்டியலும் கல்லில் எழுதியதில்லை: பசுமைப் பத்திரங்களுக்கான (பசுமை வேலைகளுக்குப் பணம் திரட்ட வெளியிடும் கடன் பத்திரங்கள்) சீனப் பட்டியலில் 'சுத்தமான நிலக்கரி' 2021 வரை இருந்தது, பிறகுதான் எடுத்தார்கள்.

கடனை நிறுத்துவதே மோசம் என்று சொல்லவில்லை. பிரேசில் 2008-ல் அமேசான் பகுதியில் விவசாயக் கடன் வேண்டுமானால் நிலத்துக்கு முறையான ஆவணமும் சுற்றுச்சூழல் விதிகளைக் கடைப்பிடிக்கும் சான்றும் காட்ட வேண்டும் என்று விதி போட்டது. கால்நடை வளர்ப்பு முதன்மையாக இருந்த பகுதிகளில் கடனும் குறைந்தது, காடழிப்பும் குறைந்தது. அங்கே கேட்டது திருந்தக் கூடிய ஒரு நிபந்தனை, ஆவணத்தைக் கொண்டுவந்தால் கடன் உண்டு. சிறு விவசாயிகளுக்குத் தளர்வும் இருந்தது. எங்கள் வார்ப்பட அண்ணனுக்கு அப்படி ஒரு கதவு வைக்கவில்லை, 'உலையை மாற்றினால் கடன்' என்றுகூட இல்லை, தொழிலின் பெயரைப் பார்த்தே மூடிவிட்டார்கள். அந்த வார்ப்படத்தில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். வட்டார வளர்ச்சிக் கணக்கில் அவர்களும் உண்டுதானே?

சில்லறை விஷயங்கள்: ஆன்லைன் விண்ணப்பம் நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். பணம் சொன்ன தேதியில் வந்தது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை, இதற்குத் தனியாகக் கைத்தட்டல்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பேனலில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு மாதம் மீட்டரைக் கவனியுங்கள், கசிவை அடையுங்கள், தேவையில்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்துங்கள், அப்புறம் மிச்சமிருக்கும் தேவைக்கு அளவெடுத்து வாங்கினால் கடனே பாதியாகக் குறையும். சான்றிதழ்க் கட்டணம் எவ்வளவு, யார் கட்டுவது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். வட்டிச் சலுகையை விடப் பழுதுபார்க்க ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பது முக்கியம். பேனலின் மின்சாரத்தை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் என் இன்வெர்ட்டர் ஒரு முறை பதினொரு நாள் படுத்துக் கிடந்தது, விற்றவரின் ஆள் வருவதற்காக. அந்தப் பதினொரு நாளும் தவணை மட்டும் படுக்கவில்லை.

இப்போது இரண்டாவது விண்ணப்பம் போட்டிருக்கிறேன், மீதிக் குழாய்களுக்கும் கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவுக்கும். குழாய் பட்டியலில் இல்லையே என்றேன். "குழாய்னு எழுதாதீங்க சார், அழுத்தக் காற்று அமைப்பு மேம்பாடுன்னு எழுதுங்க" என்று அதிகாரியே வழி சொன்னார். அளவெடுத்துச் சான்றளிக்க மறுபடி வெளியூர் ஆள்தான் வர வேண்டுமாம். எங்கள் தம்பியே அளப்பானே, கடந்த ஒரு வருடத்தில் சுற்றியுள்ள ஆறு பட்டறைகளுக்குக் கசிவு பார்த்துக் கொடுத்திருக்கிறான், எனக்கே இப்போது அவனைப் பிடிக்க முடிவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவனிடம் சான்றிதழ் இல்லை என்றார்கள். அவன் அதற்கான படிப்புக்குப் பணம் கட்டிவிட்டான், கடன் வாங்கித்தான். அதுவும் பசுமைப் பட்டியலில் வராதாம், சாதாரண வட்டி.